நான்கு நிமிடத்தில் இந்தியாவை அடுக்குகிறான், ஆனால் மதுரை எங்கே என்றால் குஜராத்தைத் தொடுகிறான்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறான். பிறந்தநாளுக்கு மரத்தில் செய்த இந்திய மேப் பஸில் வாங்கிக் கொடுத்தோம். ஒரே மாதத்தில் நான்கு நிமிடத்தில் அடுக்கப் பழகிவிட்டான். ஆனால் “நாம எங்கடா இருக்கோம்?” என்று கேட்டால் குஜராத்தில் விரல் வைக்கிறான். “காஷ்மீர் மேல இருக்கு” என்று சொன்னேன். “மேல மாசி வீதியிலயா?” என்று கேட்டான். அடுத்ததாகத் தமிழ்நாட்டு மாவட்ட பஸில் வாங்கலாமா, உலக பஸில் வாங்கலாமா? கோவாவும் சிக்கிமும் தொலைந்துவிட்டன. இரண்டு வயது மகள் கையில் கிடைத்த துண்டையெல்லாம் வாயில் வைக்கிறாள்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் மகளைப் பார்ப்போம், பூகோளம் காத்திருக்கும். 10 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள ஒரு காகிதப் பட்டையை எடுத்து, 10 செ.மீ. நீளத்தின் இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொள்ளும்படி சுருட்டி செல்லோடேப் ஒட்டுங்கள். சுமார் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய் கிடைக்கும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் உருளையின் வாயும் ஏறத்தாழ இதே அளவுதான். அழுத்தாமலே இதற்குள் முழுதாக மறைந்துவிடும் துண்டு எதுவானாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. கோவாவும் சிக்கிமும் சந்தேகமில்லாமல் மறையும். திரிபுராவையும் டெல்லியையும் போட்டுப் பாருங்கள். மறைகிற துண்டுகளை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மகள் தூங்கும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். துண்டின் தலையில் பிடிகுமிழ் இருந்தால் அதையும் இழுத்துப் பாருங்கள். பசை விட்டுக் கழன்றுவரும் குமிழ், துண்டைவிட ஆபத்தானது. காந்தம் பதித்த மேப் பஸிலோ, இவள் வளரும்வரை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனாலும் முத்திரை இருக்கிறது என்பதால் இரண்டு வயதுக் குழந்தையிடம் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. பெட்டியில் போட்டிருக்கும் வயதையும் பாருங்கள்.

இனி மகன். அவன் தவறாக எதுவும் செய்யவில்லை. அவனிடம் இருப்பது ஒரு பூட்டு, முப்பது சாவி. பலகையில் பள்ளம் வெட்டியிருக்கிறது, பள்ளத்துக்கு ஏற்ற துண்டைப் போடுகிறான். பல பஸில்களில் பள்ளத்தின் அடியில் மாநிலத்தின் பெயரோ நிறமோ அச்சாகியிருக்கும். அப்போது அது இன்னும் எளிது, நிறத்தோடு நிறம் சேர்த்தால் முடிந்தது. ராஜஸ்தானைப் போட குஜராத் எங்கே என்று அவன் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இதற்கு ஒரு சோதனை உண்டு. பலகையை எடுத்து வைத்துவிட்டு, வெறும் தரையில் தென்னிந்தியத் துண்டுகள் ஐந்தை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், அவன் கற்றது உருவம், இடம் அல்ல என்று புரியும். அதுவும் வீண்போகாது. விரலுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. பூகோளம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாடுகளின் எல்லையோடு அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தர விற்றார். ஜிக்சா பஸில் என்ற விளையாட்டே அங்கிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். “எல்லையோடு அறுத்து” என்பது முக்கியம். இன்று கடைகளில் கிடைக்கும் அட்டை மேப் பஸில்கள் பலவற்றில் வெட்டு எல்லையோடு போவதில்லை. பாதி மத்தியப் பிரதேசமும் கால்வாசி மகாராஷ்டிராவும் ஒரே துண்டில் வரும். அது படம் சேர்க்கும் விளையாட்டு, இந்த வேலைக்கு உதவாது.

“மேல மாசி வீதியிலயா?” என்று அவன் கேட்டது அருமையான கேள்வி. தமிழில் மேல் என்பது மேற்கு, கீழ் என்பது கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நிலம் கிழக்கே கடல் நோக்கிச் சரிவதால் வந்த சொற்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று கேட்டு வளரும் பிள்ளையிடம், அச்சிட்ட தாளின் மேல்பக்கத்தைக் காட்டி “மேல” என்றால் அவன் மேற்கே போய் நிற்பான். அவன் குஜராத்தைத் தொடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடும். இன்றிலிருந்து வரைபடத்தின் முன்னால் மேலே, கீழே என்ற சொற்களை விட்டுவிடுங்கள். வடக்கு, தெற்கு மட்டும். வரைபடத்தைச் சுவரில் மாட்டவும் வேண்டாம். சுவரில் வடக்கு என்பது கூரைப்பக்கம் ஆகிவிடும், கன்னியாகுமரிக்காரர்கள் வழுக்கி விழமாட்டார்களா என்று கேட்பான். ஏழு வயதுவரை வரைபடம் தரையில் கிடக்கட்டும், அதன் வடக்கு உண்மையான வடக்கைப் பார்த்து.

திசை தெரியாத வீட்டில் காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு என்பார்கள். மார்கழியில் இது கொஞ்சம் ஏமாற்றும், சூரியன் தென்கிழக்கே ஒதுங்கி உதிக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஊர் நடுவில் நான்கு கோபுரம் நிற்கிறது.

உண்மையில் வேறெந்த பஸிலுக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது மதுரை பஸில்தான். கடையில் கிடைக்காது, செய்வதற்கு ஒரு மணி நேரம் போதும். தடித்த அட்டையில் 28 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதன் நட்டநடுவில் 10 செ.மீ. சதுரம் வரையுங்கள். எல்லாப் பக்கமும் 9 செ.மீ. இடம் மிஞ்சும். உள்சதுரத்தின் நான்கு மூலைகளையும் வெளிச்சதுரத்தின் மூலைகளோடு கோடு போட்டு இணைத்து, கோட்டோடு வெட்டுங்கள். நடுவில் கோயில், சுற்றி நான்கு பக்கம், மொத்தம் ஐந்து துண்டு. சுற்றுத் துண்டுகள் நான்கும் அளவில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். இந்த பஸிலின் சூட்சுமமே அதுதான். உருவத்தை வைத்து எந்தத் துண்டையும் போட முடியாது. எது எங்கே என்று தெரிந்தால்தான் போட முடியும்.

துண்டுகளில் அவனையே வரையச் சொல்லுங்கள். மேற்குத் துண்டில் ரயில் நிலையம், மேல வெளி வீதி. கிழக்கில் புது மண்டபம், கீழவாசல். தெற்கில் தெற்குவாசல். வடக்கில் யானைக்கல். நடுத்துண்டில் நான்கு கோபுரம், அதில் தெற்குக் கோபுரத்தை மற்றவற்றைவிட உயரமாக வரையுங்கள். அதுதான் உண்மை, தவிர கோயில் துண்டைத் திருப்பிப் போட்டால் கண்டுபிடிக்கவும் அது உதவும். உங்கள் வீடு, அவன் பள்ளி, மிட்டாய்க் கடை எல்லாம் எந்தத் துண்டில் விழுகிறதோ அங்கே. அடியில் வைக்கும் அட்டையில் வடக்குப் பக்கம் மட்டும் ஒரு நீலப் பட்டை, அது வைகை. முதல் வாரம் நீலப் பட்டை இருக்கட்டும். இரண்டாம் வாரம் அதை மறைத்துவிட்டு, கோயிலுக்குப் போன நினைவில் அடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் அவனைக் கிழக்குப் பக்கமாக உட்கார வைத்து அடுக்கச் சொல்லுங்கள். தான் இடம் மாறி உட்கார்ந்தாலும் ரயில் நிலையம் இடம் மாறாது என்று அவனுக்குப் புரிந்த அன்று வரைபடம் என்றால் என்ன என்பது புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சில பிள்ளைகளுக்கு இதற்கே இரண்டு மாதம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் பலகையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு அடுக்குவான். அப்போது கண்டிக்க வேண்டாம், துண்டுகளைக் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

ஊரை மேலிருந்து பார்ப்பது என்ற கருத்தே அவனுக்குப் பிடிபடவில்லை என்றால் ஒரு படி பின்னால் போங்கள். ஒரு தட்டில் டம்ளர், தீப்பெட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, நாற்காலியில் ஏறி நின்று பார்த்து வரையச் சொல்லுங்கள். டம்ளர் வட்டமாக வந்தால் தயார். பக்கவாட்டில் நிற்கும் டம்ளரை வரைந்தால் இன்னும் பத்து நாள். பிறகு வாசலில் கோலப்பொடியால் உங்கள் தெருவைப் போட்டு அதில் நடக்க விடுங்கள்.

அடுத்து மாவட்டமா, உலகமா? மாவட்டம். ஆனால் 38 துண்டையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. மதுரையும் அதைச் சுற்றியிருக்கும் ஐந்தும் போதும்: வடக்கே திண்டுக்கல், வடகிழக்கே திருச்சி, கிழக்கே சிவகங்கை, தெற்கே விருதுநகர், மேற்கே தேனி. கடையில் வாங்கினால் மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள். 32 என்றால் அது 2019க்கு முந்தைய வரைபடம். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஐந்தும் 2019-லும் மயிலாடுதுறை 2020-லும் வந்தவை. இன்னும் கடைகளில் பழைய சரக்கு கிடக்கிறது.

வீட்டில் செய்வதானால், மாவட்ட எல்லை மட்டும் போட்ட வெற்று வரைபடத்தை ஏ3 தாளில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அடியட்டைக்கு, ஒன்று வெட்டுவதற்கு. தமிழ்நாடு தெற்கு வடக்காக ஏறத்தாழ 610 கி.மீ. அது 40 செ.மீ.யில் அடங்கும்போது ஒரு செ.மீ. என்பது சுமார் 15 கி.மீ. சென்னை மாவட்டம் இதில் மிகச் சிறிய துண்டாகத்தான் வரும், மகள் இருக்கும் வீட்டில் அதை அடியட்டையிலேயே வரைந்துவிட்டுத் துண்டாக வெட்டாமல் விடுங்கள். வெட்டுவதற்கு முன் எல்லைக் கோடுகளின் நெளிவுகளைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் மழுங்கடித்து வரைந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் மெல்லிய மூக்குகள் மூன்றாம் நாளே மடங்கி ஒடியும். 3 மி.மீ. தடிமன் அட்டையில், சிறிது நீர் கலந்த ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டி, இரவு முழுவதும் புத்தகங்களை ஏற்றி வையுங்கள். ஈரம் காயாமல் வெட்டினால் தாள் கிழிந்து இழுபடும். கட்டரை ஒரே அழுத்தில் இறக்காமல் அதே கோட்டில் மூன்று நான்கு முறை மெதுவாக ஓட்டுங்கள். முதலில் மாநிலத்தின் வெளி எல்லை, பிறகு நீளமான உள்கோடுகள், கடைசியில் சின்ன மாவட்டங்கள்.

ஆறு துண்டும் வெறுந்தரையில் அடுக்கக் கைவந்ததும், ராமநாதபுரத்தைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரு நீலக் கம்பளி நூல் எடுங்கள். வருசநாட்டு மலையிலிருந்து, அதாவது தேனித் துண்டிலிருந்து, மதுரை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம்வரை வைகையை அவனே ஓட்டட்டும். வைகை 258 கி.மீ. என்றால் இந்த வரைபடத்தில் ஏறத்தாழ 17 செ.மீ. நூல். மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு என்று முன்னால் சொன்னது இப்போது அவன் கையில் ஓடும். மேல், கீழ் என்ற சொற்களை அந்த இடத்தில் திரும்பக் கொண்டுவரலாம், இனி குழப்பாது. ரயில் பிடிக்கும் பிள்ளை என்றால் சிவப்பு நூலில் வைகை எக்ஸ்பிரஸ்: மதுரை, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம், சென்னை. துண்டுகள் அந்த வரிசையில் தானாகக் கூடிவரும்.

இப்போது இந்தியா. உங்கள் பஸிலின் வயதைத் தெரிந்துகொள்ள மாநிலங்களின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2014க்கு முன்பும் 28 மாநிலம், இன்றும் 28 மாநிலம். தெலங்கானா தனித்துண்டா, லடாக் தனித்துண்டா என்று பாருங்கள். இரண்டும் தனியாக இருந்தால் சரி. 2020 ஜனவரி முதல் ஒன்றியப் பிரதேசங்கள் 8.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, எல்லாத் துண்டையும் தரையில் கொட்டிவிட்டுத் தொடங்குவது. தலைகீழாகச் செய்யுங்கள். முழுதாக அடுக்கிய பலகையிலிருந்து தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா ஐந்தை மட்டும் எடுத்துவிட்டு, அவற்றை மட்டும் போடட்டும். ஒரு நாளில் மூன்று பெயருக்கு மேல் புதிதாக வேண்டாம். முதலில் துண்டைக் கையில் கொடுத்து “இது கேரளா” என்று நீங்கள் சொல்ல வேண்டும். அடுத்து மூன்றையும் பரப்பி “கேரளாவை எடு” என்று கேட்க வேண்டும். அதில் பிழையில்லாதபோதுதான் “இது எது?” என்று கேட்கலாம். நாம் எல்லோரும் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம், பிள்ளை விழிக்கிறான், நாம் சலித்துக்கொள்கிறோம். மூன்றாவதில் தவறினால் திருத்தாமல் இரண்டாவதற்குத் திரும்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், அவன் இன்னும் கேட்கும்போதே மூடிவையுங்கள்.

நேரத்தை அளப்பதை நிறுத்திவிடுங்கள். அளக்க வேண்டியது அக்கம்பக்கத்தை. “தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது எவை?” கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்பான். புதுச்சேரி விடுபடும், 40 செ.மீ. பலகையில் புதுச்சேரி நகரப் பகுதி இரண்டு மி.மீ. அளவுதான், துண்டாகவே இருக்காது. “தெலங்கானா தொடுகிறதா?” இல்லை. “தெலங்கானாவுக்குக் கடல் உண்டா?” இல்லை. “கேரளாவிலிருந்து ஆந்திராவுக்குப் போக எந்தத் துண்டைத் தாண்ட வேண்டும்?” இந்தக் கேள்விகளுக்குப் பலகையைப் பார்த்தே பதில் சொல்லட்டும், மனப்பாடம் வேண்டாம். தலைநகரங்களும் இப்போது வேண்டாம். இந்த வயதில் அது வெறும் பெயர் அடுக்கு, எட்டு வயதில் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வடகிழக்கில்தான் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். அந்தத் துண்டுகளைப் பின்பக்கம் டேப் போட்டு ஒரே துண்டாக ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் அது “வடகிழக்கு” என்ற ஒரே துண்டு. பிறகு டேப்பைப் பிரித்து அசாமை மட்டும் பலகையில் வையுங்கள். அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, மேகாலயா ஆறும் அசாமைத் தொட்டுக்கொண்டிருப்பவை. சாவித்துண்டு கிடைத்தால் மற்றவை தாமாக வந்து ஒட்டும். அவற்றுக்கும் மேற்கு வங்கத்துக்கும் நடுவே பலகையில் தெரியும் காலி இடத்துக்கு எந்த நிறம் அடித்திருக்கிறது என்றும் பாருங்கள். நீலம் அடித்திருந்தால் வங்கதேசத்தைக் கடல் என்று நினைப்பான். அதன்மேல் பழுப்புத் தாள் வெட்டி ஒட்டுங்கள். அந்தமானைக் கட்டம் கட்டி ஓரத்தில் போட்டிருந்தால், சென்னையிலிருந்து 1,300 கி.மீ.க்கு மேல் என்று கணக்கிட்டு, 40 செ.மீ. பலகைக்குச் சுமார் 16, 17 செ.மீ. கிழக்கே தரையில் ஒரு சீட்டு வையுங்கள். பலகையைத் தாண்டி விழுந்தாலும் அதுதான் அதன் இடம்.

உலக பஸில் வாங்கும் பணத்துக்கு ஒரு கோளம் வாங்குங்கள். தட்டையான உலக வரைபடங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு. முதலில் மனத்தில் பதியும் அளவு அவ்வளவு எளிதில் அழியாது. மாண்டிசோரி வகுப்புகளில் நிலத்துக்கு உப்புத்தாள் ஒட்டிய கோளத்தைத் தடவிப் பார்க்கத் தருவார்கள், நிலம் சொரசொரப்பு, கடல் வழவழப்பு. பழைய பந்தில் கண்டங்களை வரைந்து ஃபெவிகால் தடவி ரவையைத் தூவினாலும் அதே வேலை நடக்கும். உலக பஸில் ஏழு வயதுக்குப் பிறகு பார்க்கலாம்.

தொலைந்த கோவாவுக்கும் சிக்கிமுக்கும் வருகிறேன். காலிப் பள்ளத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஓரம் பதியும். பழைய காலண்டர் அட்டையை, மற்றத் துண்டுகளின் தடிமன் வரும்வரை அடுக்கடுக்காக ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஓர் இரவு அழுத்தி வைத்து, பதிந்த கோட்டுக்கு அரை மி.மீ. உள்ளே வெட்டுங்கள். கோட்டிலேயே வெட்டினால் இறுகிக்கொண்டு இறங்காது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அக்கம்பக்கத்து மாநிலங்களில் இல்லாத ஒரு நிறம் அடியுங்கள். உங்கள் பலகை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். என்றால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஓரம் ஊறி உப்பிவிட்டால் துண்டு பள்ளத்தில் உட்காராது, பிள்ளை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வான். 40 செ.மீ. பலகையில் கோவா ஒன்றேகால் செ.மீ. நீளம்தான் வரும், ராஜஸ்தான் அதைப்போல் 90 மடங்குக்கு மேல். புதிய துண்டைச் சௌகரியத்துக்காகப் பெரிதாக வெட்டிவிட வேண்டாம். எடுக்கச் சிரமமாக இருந்தால் நடுவில் ஒரு நூல் முடிச்சைக் குத்திக் கோத்துவிடுங்கள்.